நொதி எப்படிப் பிடிக்கிறது?

எழுபதுகளின் நடுவில், வெளிநாட்டில் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு ஒரு மாத விடுமுறையில் சொந்த ஊரான மாத்தளைக்கு வந்திருந்தேன். டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப்போய் சிறு இரசாயன அடையாளம் வைக்கும் நொதி ஒன்று உண்டு. அது இழையை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டையும் கலந்து ஒரு வடிதாளில் ஊற்றுவேன். நொதி பிடித்த இழை தாளில் தங்கும், மற்றது ஒழுகிவிடும். என்னுடையது பெரும்பாலும் ஒழுகியது.

இதை அப்பா, தன் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் "பெரிய டொக்டர் படிப்பு" என்று சுருக்கிச் சொல்லியிருந்தார். செய்தி பக்கத்து ஊரான அலுவிகாரை வரை போனது. ஊர்ச் சங்கம் எனக்குப் பாராட்டு விழா வைத்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "நம்ம புள்ள சீனி வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டு வந்திருக்காங்க!"

பதற்றத்தோடு எழுந்து, என் நொதியைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். பலமாகக் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் என் முன்னால் வரிசை நின்றது. கலேவெலவிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா ஒருவர் வீங்கிய முழங்காலைக் காட்டினார். தலைவர் ஒரு போத்தலில் தன் சிறுநீரையே கொண்டுவந்திருந்தார்.

"நான் அந்த டொக்டர் இல்லீங்க."

"அடக்கத்தப் பாத்தீங்களா!" என்று வரிசைக்கு என்னைக் காட்டினார் அவர்.

அப்போது மைக்கை எடுத்துப்போக வந்த ஒலிபெருக்கிக்காரர், அதைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "அந்தச் சாமான் அவ்வளவு நீள நூல்ல தன் இடத்த எப்படிங்க கண்டுபிடிக்குது? நூல் மேலேயே ஊர்ந்து போகுமா, இல்ல தாவித் தாவிப் போகுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் என் பேராசிரியரும் மாதக்கணக்கில் சண்டை போட்ட கேள்வி அது. சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியாதுங்க. மூணு வருஷமாப் பாக்குறேன், இன்னும் எனக்கு ஒண்ணுமே தெரியாது."

மைக்கை அவர் அணைத்திருக்கவில்லை. என் குரல் கூரைமேல் இருந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் முழங்கி, பஸ் நிலையம் வரை கேட்டது. வரிசை மளமளவென்று கலைந்தது. தலைவர் போத்தலைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் கடைக்கு வந்தவர்களெல்லாம் அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள். மத்தியானம் அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கேட்டார்: "ஊருதா, தாவுதா? நீ என்ன நினைக்கிற?"

"ஊருதுன்னு நினைக்கிறேன்."

"அத அங்க சொல்லியிருக்கலாமே!"

"நிரூபிக்காம எப்படிப்பா சொல்றது?"

"தலைவர் நிரூபிச்சிட்டா சொன்னாரு?" என்றார் அப்பா.