துரியோதனனுக்கு அவசர நிவாரணம்

நிவாரணம் கொடுக்கிற உத்தியோகத்தில், 'இல்லை' என்று சொல்லி அனுப்புவது சுலபம். இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். அரசாங்க ஆபீசில் நாற்காலி தேய்த்த சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் ஒரு பங்குனி மாசம். செங்கல்பட்டு வட்டாரத்தில் காலரா. எங்கேயும் ஜனம் கூடக் கூடாது என்று உத்தரவு வந்ததில் திருவிழா நின்றது, கல்யாணம் தள்ளிப்போனது. வருஷச் சாப்பாட்டை இந்த மூன்று நாலு மாசத்தில் சம்பாதிக்கிற கலைஞர்கள் வாயில் மண் விழுந்தது. அவர்களுக்கு அவசர உதவியாக அரிசியும் கொஞ்சம் பணமும் கொடுப்பது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். வருகிறவர் நிஜமாகவே கலைஞர்தானா என்று பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் கலை ஞானமோ, பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிற அளவு. இதில் மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்ற வழக்கமான கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது.

யார் கேட்டது?

முதல் நாளே மகாபலிபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். மீன் பிடிக்கிறவர். "நானும் பாட்டுக்காரன்தான் சார், வல இழுக்க சொல்லோ பாடுவேன்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே பாடியும் காட்டினார். குரலில் குறை சொல்ல முடியாது. மாடிப்படியில் போய்க்கொண்டிருந்த பியூன் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

ஆனால் எனக்கு விதி என்று ஒன்று இருக்கிறதே. ரசிகர்கள் முன்னால் பாடியதுண்டா, இதுவரை உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் யார் என்று விசாரித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? மீனுதான் கேக்கும். புடிச்சிருந்தா வலக்குள்ள வரும், புடிக்கலன்னா அதும்பாட்டுக்கு பூடும்."

வாசித்துக் காட்டட்டும்

எங்கள் அதிகாரி நல்ல மனுஷர். விதி தெரிந்தவர். விதியைத் தவிர வேறெதையும் தெரிந்துகொள்ள அவருக்கு அவசியம் நேர்ந்ததில்லை. மீன்காரர் விவகாரத்தைச் சொன்னதும், "வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொருவரும் அவரவர் தொழிலைச் செய்து காட்டட்டும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மறுநாள் ஒரு நாதஸ்வர கோஷ்டி ஆபீஸ் வாசல் மரத்தடியில் உட்கார்ந்தது. பல நாளாக வாசிக்காத ஏக்கம் வேறு. தவில்காரர் நாலு தட்டு தட்டியதும் கோர்ட்டுக்கு வந்தவர்கள் வந்தார்கள், ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்காரர்கள் வந்தார்கள், ரயிலுக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டு வந்தார்கள். கடைசியில் தகவல் போய் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கூட்டம் கூடக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிக்கிறது இந்த ஆபீஸ் செவுத்துலதான் சார். இப்ப நான் யார புடிச்சிகினு போறது?"

எல்லை தாண்டாத ராஜா

மாசக் கடைசியில், திருப்போரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பால்காரர் சேதி கொண்டு வந்தார். அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து ஆடப் போன குழு பாதியில் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். அந்த ஊர் வழக்கப்படி, ஆடுகிறவர்கள் கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டிவிடுவார்கள். கதை முடிந்து, துரியோதனன் செத்து, காப்பை அவிழ்க்கிற வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கதையோ துகில் உரிந்ததோடு நின்றுபோயிருந்தது.

பணத்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். உத்தரவில் 'நேரில் வந்து' என்று இருக்கிறதே என்றார். சரி, அவர்களைக் கூட்டி வருவோம் என்று, காலரா ஊசி போட ஒரு நர்சம்மாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

குழுவின் வாத்தியார் எல்லப்பன்தான் துரியோதனன் வேஷக்காரர். ஆள் மலை மாதிரி இருந்தார். "ஊர்ல சோறு போட்றாங்க சார், கொற இல்ல. மதுராந்தகத்தாண்ட வூட்ல புள்ளைங்க இன்னா துன்னுதுங்களோன்னு நெனச்சா எறங்க மாட்டேங்குது" என்றார். ஒரே ஒரு நாள் எல்லையைத் தாண்டி வந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"சபையில சேலைய உருவச் சொன்னவன் நானு. சண்ட போட்டு சாவாம பஸ் ஏறிப் போனா ஊரு இன்னா சார் நெனைக்கும்?"

ஊசி இறங்கும் இடம்

போவது எப்போதோ, ஊசியாவது போட்டுவிடுவோம் என்று நர்சம்மா பெட்டியைத் திறந்தார். திரௌபதி வேஷம் கட்டுகிற முருகேசன் சமர்த்தாகக் கையை நீட்டினார். துரியோதனனைத்தான் காணோம். தேடிப் பார்த்ததில் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இழுத்து வந்து உட்கார வைத்தால், புஜத்தை முறுக்கிக்கொண்டு விட்டார். ஊசி வளைந்ததே தவிர உள்ளே போகவில்லை.

நர்சம்மா வேறு ஊசியை எடுத்தார். கூத்தில் கட்டியங்காரனாக வந்து சிரிக்க வைக்கிற சின்னசாமி மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மத்த எடமெல்லாம் ராஜாவுக்கு இரும்பும்மா. தொடையில குத்து, எறங்கும்."

ஒரே ஒரு ரசிகன்

வழி எனக்கு அதிகாரியின் பாணியில் யோசித்தபோதுதான் கிடைத்தது. ஜனம் கூடத்தான் தடை. துரியோதனன் சாவதற்குத் தடை இல்லை. அவரவர் வீட்டு வாசற்படியில் அவரவர் நின்றால் அது கூட்டமே ஆகாது. ஊர்ப் பெரியவர்கள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆளாவது வேண்டும் என்றார்கள். அந்த ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில், நட்டநடுத் தெருவில் ஒரு பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சாகிற காட்சிக்காகத் தெருவை அடைத்து மண்ணில் செய்து படுக்க வைக்கிற துரியோதனன், மண் மிதிக்க ஆள் இல்லாததால், தொட்டில் பிள்ளை அளவில் கிடந்தான். எடுத்த எடுப்பில் கதை கடைசி நாள் போருக்குப் போய்விட்டது. மீதிச் சண்டை எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நீ பஸ்ல வந்துகினு இருக்க சொல்லவே முடிஞ்சி பூட்ச்சி சார்" என்றார் சின்னசாமி.

எல்லப்பன் தொடையில் அடி வாங்கி மண்ணில் விழுந்தார். இத்தனை நாளாக விரித்துப் போட்டிருந்த கூந்தலை முருகேசன் சிவப்புக் குழம்பு தடவி அள்ளி முடிந்தபோது, வாசலுக்கு வாசல் பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெஞ்சில் தனியாக இருந்ததால் மறைக்கவும் முடியவில்லை. காப்பை அவிழ்த்ததும் முருகேசனிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நிம்மதியா கீது சார். தலய விரிச்சிகினே இருந்ததுல பேனு தொல்ல தாங்க முடியல."

பேர் சொல்லணும்

அரிதாரத்தைக் கழுவ நேரமில்லை. அப்படியே பஸ் பிடித்து, ஆபீஸ் சாத்துகிற நேரத்துக்குச் செங்கல்பட்டில் போய் நின்றோம். கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற துரியோதனனைப் பார்த்த அதிகாரி, செய்து காட்டச் சொல்லவில்லை. பணத்தையும் அரிசிச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

எல்லப்பன் அதைப் பைக்குள் வைக்காமல் சின்னசாமியிடம் நீட்டினார். அவர் ஆபீஸ் நடுவில் நின்று, கூத்து மேடையில் அன்பளிப்பு வந்தால் சொல்கிற அதே உச்சக் குரலில், "நம்ம கூத்தப் பாத்து மகிழ்ந்து கனம் பொருந்திய சர்க்கார் அவர்கள்" என்று ஆரம்பித்தார். ஆபீசில் சத்தம் போடக் கூடாது என்றார் அதிகாரி.

"வாங்குனா பேர் சொல்லணும் சார்" என்றார் எல்லப்பன். "சொல்லாம வாங்குனா அது பிச்ச."

சின்னசாமி முழுசாகச் சொல்லி முடித்தார். ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று கேட்டது. பிறகு அதிகாரி என் பக்கம் சாய்ந்து, "இதில் என் பேரும் வருமா?" என்று ரகசியமாகக் கேட்டார். ரகசியம் சின்னசாமி காதில் விழுந்துவிட்டது.

"வரும் சார். ஆனா அதுக்கு நீ தனியா குடுக்கணும்."

சர்க்கார் பணத்தைக் கொடுக்க விதிப் புத்தகம் முழுவதையும் புரட்டிய எங்கள் அதிகாரி, சொந்தச் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுக்க ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.