பதினோராம் வீட்டு அத்தை

1. போன மாதம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ராஜம்மாள் என்பவரின் மரணச் செய்தி வந்தது.
2. யாருக்கும் ஆள் தெரியவில்லை. ஜாசினில் நடந்த இறுதிச் சடங்குக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை.
3. மறுநாள் அவருடைய மகன் குழுவில் அவர் படத்தைப் போட்டார். "ஐயோ, நம்ம பதினோராம் வீட்டு அத்தைலா!" என்றார் அம்மா.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் வீட்டு எண்தான் பெயர். நான் வேலை செய்யும் குருபோங் தொழிற்சாலையில் இன்று ரப்பர் பால் தொட்டியைத் திறந்தபோது எழுந்த வாசனையில், அத்தை வேலை முடிந்து வரும் மதியம் நினைவுக்கு வந்தது: வாளியை இறக்கிவிட்டு, கையில் காய்ந்த பாலை இழை இழையாக உரித்துப் பந்தாக உருட்டி எங்களிடம் எறிவார், நாங்கள் அடிக்க அது பலகைச் சுவரில் டொக் டொக்கென்று மோத, பின்னாலேயே அவர் குரலும் வரும்.

"மெதுவாடி! ஒம்பதாம் வீட்டு மாமா எந்திரிச்சா பந்தையும் புடுங்குவாரு, என்னையும் திட்டுவாரு!"

அந்த மாமாவும் இவ்வாண்டுதான் இறந்துபோனார்.

அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டு எண்ணைப் போட்டு நானே செய்தி அனுப்பினேன். தொலைவிலுள்ள மஸ்ஜித் தானாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். மகன் பக்கத்து வீடுகளில் நாற்காலி கேட்டு ஓடினார்.

லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை நிற்கிறது. குழுவின் மறைந்தோர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வீட்டு எண்ணும் இருக்கிறது.