முனிரத்தினம் அண்ணன் பீடியை இரண்டு முறை விட்டார்

முனிரத்தினம் அண்ணனின் நிலக்கடலைக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்தான் எனக்குப் போன் செய்தார். நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். "டிரைவரு காலையில எழுந்துக்கல சார். காபி வெச்சி எடுத்துக்கினு போனா, அப்பிடியே படுத்துக்கினு இருக்காரு" என்றார். பிறகு அவரே, "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். வேற யாருக்குச் சொல்றதுன்னு தெரியல" என்றார். கையில் இருந்த ஈரத்துணியைப் பிழியாமலே கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் டிப்போவில் அவரோடு வேலை பார்த்தவர்களில் பலர் இப்போது பெங்களூரிலோ சென்னையிலோ பிள்ளைகள் வீட்டில் இருக்கிறீர்கள். செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாகத் திருத்தணிக்குப் போகும் வண்டியில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். பல வருஷம் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன் நான். என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் "கண்டக்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய மனைவி சீக்கிரமே காலமாகிவிட்டார். ஒரே மகன் பாபு, ஏ.சி. மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு குவைத்துக்குப் போனான். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவன் நகரியில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வான். லைன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அண்ணன் வாரவிடுப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு, பூத்துக்கு வெளியே நின்று ஒரு பீடியில் அடுத்த பீடியைப் பற்றவைத்தபடி காத்திருப்பார். கிடைத்தால் பேசுவது கொஞ்ச நேரம்தான். "சாப்ட்டியா? உடம்பு நல்லா இருக்குதா?" அவ்வளவுதான். அதற்காக ஒரு கட்டு பீடி தீர்ந்துபோயிருக்கும்.

ஒருநாள் புத்தூர் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டார். வயிற்றில் குடல் இறங்கி, பிதுங்கி மாட்டிக்கொண்டுவிட்டது. வெகுநாளாகச் சட்டைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார், எனக்கே தெரியாது. திருப்பதி ஆஸ்பத்திரியில் அதை உள்ளே தள்ளிவிட்டு, "ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா இந்த நெஞ்சை வெச்சிக்கிட்டு மயக்க மருந்து குடுக்க முடியாது. இருமினா தையல் பிரிஞ்சிடும். பீடியை விட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்கள்.

மெடிக்கல் லீவில் வீட்டில் இருந்தார். ஆனால் தினமும் எங்கள் வண்டி வரும் நேரத்துக்கு நகரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். டீக்கடைப் பக்கம் மற்ற டிரைவர்கள் வட்டமாக நின்று புகை விட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் "அண்ணா, வா" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அவருக்குக் கஷ்டம் என்று பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவர் காலி வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பீடிய வுட்டது கூடப் பெருசாத் தெரியல கண்டக்டர். வுட்டப்புறம் எங்க போயி நிக்கிறதுன்னுதான் தெரியல."

எங்கே நிற்பது என்று தெரியாமலே அவர் அதை விட்டார். இருமல் குறைந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பாபு லீவு வாங்கிக்கொண்டு குவைத்திலிருந்து வந்தான். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வார்டில் படுத்திருந்த அண்ணனின் முகத்தில் அன்று இருந்த தெளிவை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் எல்லாம், "எங்க பையன். ஃபாரின்ல இருந்து வந்துக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அன்று காலை நானும் போயிருந்தேன். மயக்க மருந்து கொடுக்கும் லேடி டாக்டர் வந்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பீடீலு மானேசாரா?" என்று கேட்டார். விட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார். அண்ணன் மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு தெலுங்கிலேயே, விட்டுவிட்டேன் அம்மா, ஆனால் நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் குடித்தேன், ஒரு கட்டு முழுக்கக் குடித்தேன் என்று சொன்னார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் சில வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பாபு வராந்தாவுக்கு வந்து வெடித்தான். "சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல நைனா? நான் லீவு போட்டுக்கினு வந்தது இதுக்குத்தானா? மறுபடி எனக்கு யாரு லீவு குடுப்பான்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "தூங்க வெக்கிறவங்ககிட்ட பொய் சொல்லிட்டு எப்பிடிடா கண்ண மூடறது?" என்றார்.

அந்த வாரமே பாபு திரும்பிப் போனான். எங்கள் வண்டியில்தான் நகரியில் ஏறினான். வேறொரு டிரைவர் ஓட்டினார். அண்ணன் ஜன்னலுக்குக் கீழே நின்றார். நான் விசில் கொடுக்க முடிந்தவரை தாமதித்தேன். வண்டி நகர்ந்தபோது அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

பின்னொரு நாள், நான் கேட்காமலே, அந்தச் சாயங்காலம் நடந்ததைச் சொன்னார். ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பாபு, பெங்களூரில் மனை வாங்கியிருப்பதாகவும், குவைத்தை முடித்துக்கொண்டு வந்தால் அங்கேயே குடும்பத்தோடு இருந்துவிடப் போவதாகவும் சொல்லியிருக்கிறான். "நல்லதுதான்டா" என்று சொல்லிவிட்டு, டீ குடித்து வருகிறேன் என்று ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே போயிருக்கிறார். "அவன் எப்பனா வருவான்னுதான் ஊட்டுக்கு மேல ரூம்பு எடுத்தேன் கண்டக்டர்" என்றார். "அவனாண்ட சொல்லாத. நல்லாத்தான் இருக்கட்டும்."

இரண்டாவது முறை, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே விட்டார். முதல் தடவைக்கு ஒரு தேதி இருந்தது, மகன் வரும் தேதி. இந்தத் தடவை அதுவும் இல்லை. எங்கள் வண்டியில் ஏறித் திருத்தணி வரைக்கும் வருவார், அப்படியே திரும்புவார். வழியில் பீடி நினைப்பு வரும். "எதுனா பேசிக்கினே இரு" என்பார். கூட்டத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே, மழை, கரும்பு, சம்பளக் கமிஷன் என்று வாய்க்கு வந்ததைப் பேசுவேன். அவர் எதையும் கேட்டதாகத் தெரியாது. கொஞ்சம் பொறுத்து, "ம், போயிடுச்சி" என்பார்.

மறுபடியும் ஆஸ்பத்திரி. அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை "மானேசானம்மா", விட்டுவிட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நர்ஸ் என்னைப் பார்த்து, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "எங்க கண்டக்டரு" என்றார். உறவைச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். "அதான் சொல்றனே" என்றார் அண்ணன். கதவு மூடியது. அது திறக்கும்வரை அந்த வராந்தாவில் அவருக்காக உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

நல்லபடியாக வெளியே வந்தார். மறுபடியும் ஸ்டீயரிங் பிடித்தார், ஓய்வு வயது வரை ஓட்டினார். பீடியை அதற்குப் பிறகு தொடவே இல்லை. டீக்கடை வட்டத்துக்கும் திரும்பிப் போகவில்லை. ஓய்வு பெற்றபின் விஜயபுரத்துப் பக்கம் தன் ஊரிலேயே, மாடியறை பூட்டிய வீட்டில் இருந்தார். பாபு பெங்களூருக்கு வந்து, வீடு கட்டி, பலமுறை கூப்பிட்டான். போவார், சில நாளில் திரும்பிவிடுவார். "அங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யாரும் நிக்கிறதில்ல கண்டக்டர், போய்க்கினே இருக்கிறாங்க" என்பார்.

செய்தி வந்த அன்று நான் போன் செய்து சொன்னதும், மத்தியானத்துக்குள் பாபுவும் குடும்பத்தோடு காரில் வந்துவிட்டான். அவனுக்கும் தலை நரைத்திருக்கிறது. எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அவனாகவே ஆரம்பித்தான்.

"சித்தப்பா, அன்னிக்கி ஆஸ்பத்திரில நைனா எதுக்கு மறுபடி பீடி குடிச்சாருன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் சாம்பலாகிவிட்டார். ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான்:

"எனக்கும் தெரியும். அன்னிக்கே தெரியும். டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரே, நான் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் பின்னாலயே போனேன். கடை ஓரமா நின்னுக்கினு குடிச்சிக்கினு இருந்தாரு. அழுதுக்கினும் இருந்தாரு. கிட்டப் போனா ஏன்னு கேக்கணும். கேட்டா நான் இங்கயே இருக்கேன்னு சொல்லணும். திரும்பி வந்துட்டேன். காலையில கத்தினேனே, அது அவருமேல கோவம் இல்ல சித்தப்பா."

அவன் தோளில் கை வைத்தேன்.

அண்ணன் யாரையும் "இரு" என்று சொன்னதில்லை. மகனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், கேட்காமலே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். என் பிள்ளைகளும் ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். சாயங்காலங்களில் எங்கள் ஊரான வடமாலபேட்டையில் ரோட்டோரச் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்காருகிறேன். பெஞ்சில் வேறு யாரும் இருப்பதில்லை. இருந்தாலும் ஓரமாகத்தான் உட்காருகிறேன்.