ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒரு பியர் விளம்பரம்

பதுளைக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது மலையோ மூடுபனியோ இல்லை, லேபிள் இல்லாத பியர் போத்தல்கள்தான். ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறும்போது லைசன்ஸ் உள்ள சிறு கடை ஒன்று வரும். அந்தக் கடைக்காரர் போத்தல்களை ஐஸ்பெட்டியில் வைப்பதில்லை. மலையிலிருந்து குழாயில் இறங்கும் ஊற்றுத் தண்ணீரைச் சீமெந்துத் தொட்டிக்குள் விழவிட்டு, அதற்குள் போத்தல்களை அமிழ்த்தி வைத்திருந்தார். பசை ஊறி லேபிள்கள் எல்லாம் கழன்று தண்ணீரில் மிதந்தன. "லேபிள் இல்லாமல் எது லாகர், எது ஸ்டவுட் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "மூடியப் பாத்தா தெரியாதாங்க? காகிதத்தையா குடிக்கப் போறீங்க?" என்றார் அவர். நான் அந்தக் காகிதங்களைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து உலர்த்தினேன். கிழியாமல் முழு லேபிள் கிடைப்பது எவ்வளவு அரிது என்று பியரை நேசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வடமராட்சியில் இருக்கிற நீங்களும், கனடாவுக்கும் சுவிஸுக்கும் போய்விட்ட நீங்களும், என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. நான் கடல் தாண்டவில்லை, விமானம் ஏறவில்லை. ஆனால் சோதனைச் சாவடிகள் பலவற்றைத் தாண்டி, ஓமந்தை மணலில் நின்று, கடைசியில் எனக்குப் பாஷை தெரியாத ஒரு மலைக்கு வந்து சேர்ந்தேன். பாஷை என்று சிங்களத்தை மட்டும் சொல்லவில்லை. இங்கே பேசப்படும் தமிழும் எனக்குச் சில ஆண்டுகள் வேறு பாஷையாகத்தான் இருந்தது.

ஊரில் நான் ஒரு வாடிவீட்டின், பயணிகள் தங்கும் விடுதியின், பாருக்குப் பொறுப்பாக இருந்தவன். பியரில் எனக்கு விருப்பம் வந்தது அங்கேதான். ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழைய சஞ்சிகையில் வாற்கோதுமையை எப்படி முளைக்கவைத்து வறுக்கிறார்கள் என்று படித்தேன். கசப்பு எந்தப் பூவிலிருந்து வருகிறது என்று படித்தேன். அதன் பிறகு கண்டபடி நுரை வழிய ஊற்றுவது பாவம் போலப் பட்டது. கண்ணாடிக் குவளையைச் சரித்துப் பிடித்து, நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கும்படி ஊற்றப் பழகினேன். பிறகு பாதை மூடப்பட்டது, பியர் லொறி வரவில்லை. வாடிவீட்டின் கூரையும் ஒருநாள் போயிற்று. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஆண்டுகள் அவை. பியரைப் பற்றி நினைப்பதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

மனைவிக்குப் பதுளையில் ஆசிரியை வேலை கிடைத்தது. அவளுடன் வந்த எனக்கு, தற்செயலாகவோ விதியாகவோ, ஒரு பியர் ஏஜென்சியில் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்தது. முதலாளி பியசேன நல்ல மனிதர், உரத்துச் சிரிப்பவர். "ஊருக்கு எழுதேக்க குளிர்பானக் கொம்பனி எண்டு எழுதுங்கோ. பொய்யில்லைத்தானே, குளிராய்த்தானே குடிக்கினம்?" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் மற்றவர்கள் யுத்தச் செய்தியைத் தேடும்போது நான் வர்த்தகப் பக்கத்தைத் தேடுவேன். எந்த மதுவடிசாலை புதிய போத்தல் இயந்திரம் இறக்கியது, யார் யாரை வாங்கினார்கள், எந்த லேபிளில் பொன்னிறத்தைக் கூட்டினார்கள் என்று பார்ப்பேன். லுணுகலை, பூனாகலை, பண்டாரவளை என்று கொம்பனி வான் வண்டியில் அலைந்து, மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு போத்தல் லாகரைக் குவளையில் ஊற்றி யன்னலோரம் இருப்பேன். எனக்கு ஒரு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் கொம்பனி கடும் பியர் ஒன்றை இறக்கியது. முதல் போத்தலை முதலாளி எனக்குத்தான் உடைத்துத் தந்தார். வாயில் வைத்ததும் சீனியும் சாராயமும்தான் தெரிந்தன. வாற்கோதுமை எங்கேயோ ஒளிந்திருந்தது. குறைந்த விலையில் கூடிய வெறி தரும் சாமான். தேயிலைத் தோட்டப் பகுதிகளைக் குறிவைத்துத்தான் அதைச் செய்திருந்தார்கள். கொழும்பு விளம்பரக்காரர்கள் ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பி, அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். எங்கள் ஏஜென்சியில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பல நாள் யோசித்து, 'உழைக்கும் கைகளுக்கு உரம்' என்று எழுதினேன். உரம் என்றால் வலிமை. எதுகை மோனை பார்த்து, நாலு சொல்லை மூன்றாக்கி எழுதிய வரி அது. முறுக்கேறிய கை ஒன்று போத்தலைப் பிடித்திருக்கும் படத்தோடு, ஒரு வீட்டுச் சுவர் அளவு தகரப் பலகையில் என் வரி வந்து இறங்கியபோது, மனைவியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பிரிங்வெளிப் பாதையில், தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் வளைவில் அதை நாட்டியிருந்தார்கள். "எழுத்துப்பிழை இல்லை," என்று மட்டும் சொன்னாள் அவள்.

சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தாறு பெண்கள் ஏஜென்சிக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் பெயர் ராஜேஸ்வரி. கொழுந்து பறிப்பவள், தோட்டத்தில் அவளுடைய பிரிவான டிவிசனில் மாதர் சங்கத் தலைவி. "நீங்கதானுங்களா யாழ்ப்பாணத்து ஐயா? ஒங்ககிட்ட பேசணுங்க," என்றாள். எனக்கு முகம் சுருங்கியது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. சாதாரணமாக வாய் திறப்பதற்குக் கதைப்பது என்போம். "நான் என்ன பிழை செய்தனான், என்னைப் பேச?" என்று சற்றுச் சூடாகவே கேட்டுவிட்டேன். அவள் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். "பேசக்கூடாதாங்களா? அப்ப எப்புடி சொல்றது?" என்றாள். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தாள். ஒருவழியாக விளங்கிக்கொண்டு, நாற்காலி இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"வளைவுல நிக்கிற போர்ட எடுத்துருங்க. புள்ளைங்க தெனம் அதப் படிச்சிக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகுது. எங்க கடைசிப் புள்ள இப்பத்தான் எழுத்துக் கூட்டுது. வீட்டுக்கு வந்து, 'அம்மா, ஒன் கைக்கு ஒரம் போடணுமாம்'னு சொல்லுது." பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் தன் உள்ளங்கைகளை விரித்தாள். "தேயிலைக்கு ஒரம் போட்டுப் போட்டு வெடிச்ச கை இது. இதுக்கு வேற ஒரம் போடுறாங்களா கொம்பனியில?"

நான் எழுதிய வரியில் உரம் என்பதற்கு அந்த மலையில் பசளை என்ற ஒரே அர்த்தம்தான் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தை மறைக்க வாதாடினேன். பியர் வேறு, கள்ளச்சாராயமான கசிப்பு வேறு என்றேன். பியர் நாகரிகமான பானம், ஐரோப்பாவில் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள் என்றேன். "எங்க வீட்டுக்காரரும் குடிப்பாருங்க. அவரு குடிக்கிறத நிறுத்தச் சொல்லி இங்க வரல," என்றாள். "புள்ளைங்க போற வழியில சாமி படம் மாதிரி நிக்கக்கூடாது, அவ்வளவுதான்." பிறகு, பேச்சோடு பேச்சாக, "ஐயா இதத்தான் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பியர் விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "இல்லை. நான் லாகர் குடிக்கிறனான். இது நல்ல பியர் இல்லை," என்றேன்.

"அப்ப எங்களுக்கு மட்டும் எதுக்குங்க?"

போகும்போது அவள் சொன்னாள்: "நீங்க எடுக்காட்டி நாங்க எடுத்துருவோம். சொல்லாமக் கொள்ளாமச் செஞ்சா திருட்டுத்தனம். அதான் சொல்லிட்டுப் போக வந்தோம்."

முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார். அந்த வளைவைப் போல இடம் மாகாணத்திலேயே இல்லை, எடுப்பதென்றால் கொழும்புதான் எடுக்க வேண்டும் என்றார். அப்படியானால் கொழும்புக்குப் போகிறேன் என்றேன். அந்த நாட்களில் யாழ்ப்பாண விலாசம் உள்ள என்னுடைய அடையாள அட்டையோடு கொழும்புக்குப் போவதென்பது உங்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். "ஒரு தகரத்துக்காகவா?" என்றாள் மனைவி. "பொலிஸ் பிடிச்சால் போர்ட் கழட்ட வந்தனான் எண்டு சொல்லுவீங்களோ? ஆர் நம்புவினம்?" அவள் பயந்தது நியாயம். ஆனாலும் நான் எழுதிய வரி அது. அதை நான்தான் இறக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒன்று இறுகிவிட்டிருந்தது. காலை ரயிலில் ஏறினேன்.

விளம்பர நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் ஒரு இளம்பெண் என்னை மரியாதையோடு உட்காரவைத்தாள். என் சிங்களம் அரைகுறை, ஆங்கிலத்தில் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் அந்தப் பலகையைத் தினமும் வாசிக்கிறார்கள் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா? பிள்ளைகளுக்கே மனதில் பதிந்துவிட்டதா? மிக நல்ல செய்தி!" என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னாள். நான் முறைப்பாடு சொல்ல வந்தேன் என்பது அவளுக்கு எட்டவேயில்லை. வேறு வழியில்லாமல், உரம் என்றால் தோட்டத்தில், சிங்களத்தில் சொன்னால், 'பொஹொர', உங்கள் பியருக்கு அங்கே பசளைப் பியர் என்று பெயர் என்றேன். அந்த அறை முழுவதும் சிரித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பலகையை மாற்ற உடனே சம்மதித்தாள். இடம் அதே வளைவுதான், வரி மட்டும் புதிது, அதையும் நீங்களே எழுதித் தாருங்கள் என்று தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினாள். நல்ல வரி எழுத எனக்குத் தெரியும். தோட்டத்துத் தமிழிலேயே, பிள்ளைகளுக்கும் உடனே பாடமாகிவிடுகிற மாதிரி எழுதியிருப்பேன். பேனையைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

பதுளைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் நேராகவே சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை அந்தப் போர்டைக் கழற்றப் போகிறோம்." ராஜேஸ்வரி எனக்குச் சொன்ன மாதிரியே நானும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை. வானின் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டு, இரும்புக் கடையில் ஒரு ஸ்பேனர் வாங்கினேன், ராஜேஸ்வரிக்குச் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறினேன்.

வளைவில் டிவிசன் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். கத்தியும் கோடரியுமாக வந்திருந்தார்கள். "வெட்ட வேண்டாம். கழட்டினால் தகரம் பழுதாகாது," என்று சொல்லி நான் ஏணியில் ஏறினேன். என் வரியை இவ்வளவு கிட்ட நின்று நான் பார்த்ததில்லை. 'உ' என்ற எழுத்து மட்டும் என் நெஞ்சளவு இருந்தது. இறுகிய திருகாணி ஒன்றில் ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டி கிழிந்தது. கீழிருந்து ராஜேஸ்வரி, "எறங்குங்க, நான் பாக்குறேன்," என்றாள். "இல்லை, இது என்ர," என்றேன். அவள் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்துத் துரையின் ஜீப் அந்த வழியே வந்தது, வேகம் குறைந்தது, பிறகு கண்டும் காணாததுமாகப் போய்விட்டது. பொலிஸ் வரவில்லை. ஒரு டிவிசன் பெண்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது பியருக்கு நல்ல விளம்பரம் ஆகாது என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும். தகரத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை. கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் கூரையில், ஒழுகுகிற மூலையில், படம் வானத்தைப் பார்க்கும்படி அதை அடித்தார்கள். "மழையில கழுவிக் கழுவி அந்த எழுத்து போயிரும்," என்றாள் ராஜேஸ்வரி.

எனக்கு வேலை போயிற்று. பிறகு ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினேன், இப்போதும் அங்கேதான். மனைவி ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாலை, தானே ஒரு போத்தல் லாகர் வாங்கிவந்து மேசையில் வைத்தாள். ஊற்றிய பிறகு, "நுரை சரியோ?" என்று கேட்டாள். வர்த்தகப் பக்கத்தை இன்றும் விடாமல் படிக்கிறேன். சில ஆண்டுகளுக்குப் பிறகு மது விளம்பரங்களையே தடைசெய்து சட்டம் வந்தது. ஊவா மாகாணம் முழுவதும் பலகைகள் இறங்கி வெறும் இரும்புச் சட்டங்கள் மட்டும் நின்றன. நாங்கள் முந்திக்கொண்டோம் என்று அன்று எனக்கு ஒரு கர்வம் வந்தது உண்மை.

அந்தச் சட்டம் வருவதற்கு முன், சமாதானம் என்று சொல்லிப் பாதையைத் திறந்த காலத்தில், நான் ஊருக்குப் போனேன். எங்கள் சந்தியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் நின்ற வேம்பும், பின்னால் இருந்த பனங்கூடலும் ஷெல்லில் போய்விட்டிருந்தன. அந்த வெட்டைவெளியில் புத்தம் புதிதாக ஒரு பியர் விளம்பரம் நின்றது. நான் விரும்பிக் குடிக்கிற அதே லாகர். கண்ணாடிக் குவளை, இரண்டு விரல் நுரை, பிழையில்லாத யாழ்ப்பாணத் தமிழ். அதற்கு எதிரே நான் படித்த பள்ளிக்கூடம். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் ஓடி வளர்ந்தவன் நான். மலைக்குளிரில் ஊறிய தோல் அதைத் தாங்கவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சந்தியில் வேறு நிழல் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பலகையின் நிழலுக்குள் நெருக்கி நின்றார்கள். நான் தள்ளி வெயிலில் நிற்பதைப் பார்த்து, கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி, "வெளியூரே ஐயா?" என்று கேட்டாள். இந்த ஊர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்த சொல் 'பதுளை' என்று இருந்தது.

"அதுதான் வெயில் ஒத்துக்கொள்ளேல்லைப் போல. இஞ்சால வாங்கோ," என்று அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு எனக்கு இடம்விட்டாள். நான் நிழலுக்குள் போய் நின்றேன்.