தகட்டக்கா தகட்டை இரவல் கொடுத்த கதை

அந்தத் தெருவில் தகட்டக்கா என்றால்தான் அவளைத் தெரியும். தபால் ஆபீஸ் கவுண்டரில் பார்சல் நிறுத்து வாங்குகிற வேலை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பெயிண்டர்கள் வைத்திருக்கும் அந்த இரும்புத் தகடு கட்டாயம் இருக்கும். ஒரு பக்கம் சுரண்டுகிற வாய், ஓரத்தில் கூரான மூக்கு, ரோலரை வழித்தெடுக்க இடுப்பில் அரைவட்ட வெட்டு, ஆணி அடிக்கக் கைப்பிடியின் அடியில் ஒரு குமிழ். ஆறு வேலை செய்யும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது ஆறுதான். தகட்டக்கா அதை வைத்துச் சுவரில் பட்டி பூசுவாள், பெயிண்ட் டப்பா திறப்பாள், துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குவாள், கவுண்டரில் எவனோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம்மைப் பெயர்ப்பாள், அடிப்பிடித்த சட்டியையும் சுரண்டுவாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவளுக்கு எஃகே கிடைத்துவிட்டது, சும்மா இருப்பாளா?

ஆனால் யாருக்கும் இரவல் மட்டும் தரமாட்டாள். கழுத்துச் சங்கிலியைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவாள், தகட்டைக் கேட்டால் முகம் மாறிவிடும். கட்டிய புருஷனுக்கே கிடையாது. அந்த மனிதர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுவார், தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். அவரிடம் எப்படிக் கொடுப்பது?

இப்படிப்பட்டவளுக்கு அந்த மாதம் முழுக்கத் தூக்கமில்லை. காரணம் அவளுடைய அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருந்தார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து தன் வீட்டோடு வந்துவிடும்படி மகள் கூப்பிடாத நாளில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகள் வீட்டில் தனக்கு என்ன வேலை, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கவா என்று கேட்டுவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு நாள் வந்து அறையைப் பார்க்கிறேன் என்ற அளவுக்கு இறங்கி வந்தார். பிடிக்காவிட்டால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாராம், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதாம்.

தகட்டக்கா கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினாள். சாமான் போட்டு வைத்திருந்த கீழ் அறையைக் காலி செய்து, உப்பிப் போன பழைய பெயிண்டைச் சுரண்டி, விரிசல்களைத் தகட்டு மூக்கால் கீறிப் பட்டி அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வெள்ளை அடித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்தது. கதவுக்கு மட்டும் புருஷன் ஆசைப்பட்டார். போனால் போகிறது என்று விட்டாள். தாழ்ப்பாளையும் கைப்பிடியையும் கழற்றி வைத்துவிட்டு நன்றாகத்தான் அடித்தார். அத்தோடு நிறுத்தினாரா? அப்பா வருகிற அன்று காலையில் கதவின் விளிம்பு ஓரிடத்தில் பெயிண்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்று இன்னொரு கை தடவி வைத்தார். அதையும் மனைவியிடம் மூச்சு விடவில்லை.

அப்பா மத்தியானம் வந்தார். கையில் ஒரு சின்னப் பை. தங்குகிற எண்ணமில்லை என்று அதைப் பார்த்ததுமே மகளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடித்தார், அறையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், ஈர விளிம்பு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுக்க உள்ளே கைப்பிடி இல்லை, கழற்றியது கழற்றியபடியே வெளியில் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டும் சத்தம் கேட்டது. தகட்டக்கா கைப்பையைத் துழாவினாள். தகடு இல்லை. அறையின் ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புருஷன் தலையைச் சொறிந்துகொண்டே காலையில் செய்த காரியத்தைச் சொன்னார். அவள் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார். எல்லாம் போச்சு, அப்பாவை வரவழைத்து அடைத்தும் வைத்தாயிற்று, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. தோளால் முட்டித் திறந்துவிடலாம் என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தள்ளாதே. தள்ளினா பெயிண்ட் பிஞ்சிட்டு வந்துடும்."

"மூச்சு முட்டுதாப்பா?"

"ஜன்னல் திறந்திருக்கும்மா. பதறாம நில்லு. லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்ககிட்ட இதைச் சொல்லித்தான் நான் காலம் தள்ளினேன்."

பிறகு சரக், சரக் என்று சத்தம். அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தகட்டு மூக்கு மேலேயிருந்து கீழே, அவசரமில்லாமல், சட்டத்தின் ஓரமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. புருஷன் வாயைத் திறக்கப் போனார். அவள் விரலைக் காட்டியதும் மூடிக்கொண்டார். கடைசியில் தகட்டின் வாய் இடுக்கில் நுழைந்து ஒரு நெம்பு நெம்பியது, கதவு திறந்தது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

அப்பா வெளியே வரவில்லை. மகளை உள்ளே கூப்பிட்டார். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே விரலை வைத்துத் தடவச் சொன்னார். பட்டி மேடு தட்டியது. கதவு விளிம்பு வழிந்து நிற்கிறது, ஜன்னல் கொக்கி கோணல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கப்போகிறார் என்றே நினைத்தாள்.

"இதை இப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது?" என்றார் அப்பா. "மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரலை. மாப்பிள்ளையை அனுப்பி என் பெட்டியை எடுத்துட்டு வரச் சொல்லும்மா."

சொல்லிக்கொண்டே தகட்டைத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகட்டக்கா அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை விரட்டத் திரும்பினாள். அவரோ அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போயிருந்தார், கண்ணாடியை மறந்துவிட்டு.

இப்போது தகடு வேண்டுமென்றால் அவள்தான் அப்பாவிடம் கேட்க வேண்டும். எதற்கு, எப்போது திருப்பித் தருவாய் என்று விசாரித்த பிறகே தருவார். அந்த அறையில் எல்லாவற்றையும் அவர் சரிசெய்து முடித்துவிட்டார். முடித்த மறுநாள், வேலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நடக்கப் போன நேரத்தில் தகட்டக்கா உள்ளே போய், கொண்டையிலிருந்து ஊசியை உருவி, தானே பார்த்துப் பார்த்து வெள்ளையடித்த சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டாள்.

திரும்பி வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கை பட்ட இடம் இப்படித்தான் இருக்கும் என்று திட்டியபடியே சட்டைப் பையில் கையை விட்டார். மாப்பிள்ளை ஆமாம் மாமா என்றார்.