சீசாவில் ஒட்டிய வசனம்

கம்பவுண்டர் வேலை என்பது, நோயாளி பிழைத்தால் டாக்டருக்கும் பிழைக்காவிட்டால் தனக்கும் பேர் வாங்கிக்கொள்வது. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் பெருமூச்சும் விடுவீர்கள்.

யுத்த காலத்தில் நான் பெரம்பலூரில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே இரண்டு பேர். டாக்டரம்மா நாகர்கோவில்காரர். நோயைத் தீர்ப்பதுதான் ஊழியம், அதற்குமேல் பேசுவது நோயாளியின் நேரத்தைத் திருடுவது என்பது அவர் கட்சி. உபதேசியார் ஆசீர்வாதம் உள்ளூர்க்காரர். உடம்பை மட்டும் குணமாக்கி அனுப்புவது பாதி வேலை என்பது அவர் கட்சி. நான் பரம்பரைக் கிறிஸ்தவன். அடுத்தவரைக் கிறிஸ்தவராக்கும் ஆசையும் இல்லை, ஆக்குகிறவரைத் தடுக்கும் தைரியமும் இல்லை. இருவருக்கும் தலையாட்டிக்கொண்டு சௌக்கியமாகவே இருந்தேன்.

ஒரே ஒரு கவலை. வருஷத்துக்கு ஒருமுறை திருச்சியிலிருந்து மிஷன் துரை வருவார். இந்த ஆஸ்பத்திரியால் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்பார். ஒருவருமில்லை என்போம். கடைசியாக வந்தபோது அவர் பொறுமை இழந்து, அடுத்த தடவையும் இதே பதில் என்றால் ஆஸ்பத்திரியை மூடி மருந்துகளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரசங்கமும் பல்வலியும்

உபதேசியார் காலையிலேயே வந்து, வராந்தாவில் காத்திருப்பவர்களுக்குப் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார். குரல் மாரியம்மன் கோயில்வரை கேட்கும். காணாமற்போன ஆட்டின் கதையைச் சொன்னால், ஆடு வளர்க்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். எந்தப் பக்கம் போனது, யார் பிடித்துக் கட்டிவைத்திருந்தார்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். ஆடு கிடைக்கிற சமயம் பார்த்து டாக்டரம்மா கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இது தினப்படி நடக்கும் சண்டை. சத்தம் மட்டும் இருக்காது.

ஒருநாள் செந்துறையிலிருந்து ஓர் அம்மாள் கன்னம் வீங்கி வந்திருந்தாள். உபதேசியார் அன்று அவளையே பார்த்துப் பேசினார். அவளும் கன்னத்தைப் பிடித்தபடி கண் இமைக்காமல் கேட்டாள். இந்த முறை விதை நல்ல நிலத்தில் விழுந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். முடித்துவிட்டு, என்ன நினைக்கிறாய் என்று ஆசையாகக் கேட்டார். அவள் பணிவாகச் சொன்னாள்:

"நல்ல சாமிதாங்க, குறையே சொல்ல முடியாது. இப்ப பல்லைப் புடுங்குவாங்களா, இல்ல இன்னும் இருக்குதுங்களா?"

அரியலூர்ச் சந்தையில்

சந்தை நாளில் மருந்துப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரியலூர் போவோம். நான் சொறி சிரங்குக்குக் களிம்பு தடவிக்கொண்டிருக்க, உபதேசியார் சந்தையைச் சுற்றி வருவார். அன்று அவர் கையில் சிக்கியவர் ஒரு கயிற்று வியாபாரி, பெயர் சவரிமுத்து. பெயரைக் கேட்டிருந்தாலே விஷயம் விளங்கியிருக்கும். உபதேசியார் பெயரைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. சந்தையில் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

சவரிமுத்து முழுவதையும் கேட்டார். வெற்றிலை கொடுத்து உபசரித்தார். கடைசியில் சட்டைக்குள் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தை எடுத்துக் காட்டினார். பாட்டன் காலத்திலிருந்தே ரோமன் கத்தோலிக்கர். நம்மவர் அசருவாரா? அப்படியானால் சரியான சபைக்கு, எங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்கு வாருங்கள் என்று புதிதாக ஆரம்பித்தார். சவரிமுத்து ஒரு கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க சாமியாரு மணி அடிப்பாரு, அதோட சரி. யாரையும் கையைப் புடிச்சு இழுக்க மாட்டாரு. நீங்க என்னங்க, வூட்டுக்குள்ள இருக்கிறவனையே வாசல்ல நின்னு கூப்புடுறீங்க?"

படித்துவிட்டுக் குடி

யுத்தத்தால் சீசாப் பஞ்சம். நோயாளிகளே சீசா கொண்டுவர வேண்டும். விளக்கெண்ணெய்ச் சீசா வரும், சாராயச் சீசா வரும். கழுவி, மருந்து ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய வெட்டுப் போட்ட காகிதத்தை ஒட்டித் தருவேன். அதைப் பார்த்து உபதேசியாருக்கு யோசனை வந்தது. மறுபக்கத்தில் ஒரு வேத வசனத்தையும் ஒட்டச் சொன்னார். சாராயச் சீசாவில் வசனம் ஒட்ட எனக்குக் கை கூசியது, ஒட்டினேன். வெளியே எதையாவது ஒட்டிக்கொள்ளுங்கள், உள்ளே மருந்து சரியாக இருக்கட்டும் என்று டாக்டரம்மாவும் விட்டுவிட்டார்.

செட்டிகுளத்தில் வெங்காயம் போடுகிற மருதமுத்து, மனைவிக்கு மலேரியாக் காய்ச்சல் என்று வந்து மருந்து வாங்கிப் போனார். மூன்றாம் நாள் கண் சிவந்து திரும்பி வந்தார். காய்ச்சல் ஏறிவிட்டது, அவள் பிதற்றுகிறாள் என்றார். கையிலிருந்த சீசா நிறைய மருந்து அப்படியே இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவர் உபதேசியாரைக் காட்டினார்:

"படிச்சுட்டுத்தான் குடிக்கணும்னு ஐயா சொன்னாருங்க. எங்க தெருவுல படிக்கத் தெரிஞ்சவரு வாத்தியாரு ஒருத்தருதான். அவரு கலியாணத்துக்குப் போயிட்டாருங்க."

செட்டிகுளம் போனவர்

டாக்டரம்மா உபதேசியாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கே. உபதேசியார் முகம் செத்துப்போய் நின்றார். பிறகு புதுச் சீசாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மருதமுத்துவின் வண்டியில் அவரே ஏறி உட்கார்ந்தார். மிச்சமிருந்த வசனக் காகிதங்களை நான் அன்றே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார். தாடி முளைத்திருந்தது, சட்டையெல்லாம் வெங்காய வாடை. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டரம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உடனே பழைய குறும்பு திரும்பிவிட்டது. செட்டிகுளத்தில் பிரசங்கமெல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டார். வராந்தாவில் மறுநாளே ஆட்டைத் தேட ஆரம்பித்துவிட்ட அதே மனுஷர் அன்று சொன்ன பதில் இது:

"வேளாவேளைக்கு மருந்து குடுக்கவே சரியாப் போச்சும்மா."

துரை வந்தார்

சொன்னபடி துரை வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவருமில்லை என்றார். அப்படியானால் மூடவேண்டியதுதான் என்றார் துரை. நாற்பது வயதில் இனி எந்த ஊரில் போய் யாருக்கு மருந்து கலக்கப்போகிறேன் என்று யோசித்தபடி வாசல் பக்கம் நகர்ந்தேன்.

டாக்டரம்மாவுக்கு வெங்காய மூட்டை கொண்டுவந்த மருதமுத்து வாசலில் நின்றிருந்தார். துரை என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார், சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "ஒரு ஆளு சேர்ந்தா ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கும்னா, என் தலையில தண்ணிய ஊத்துங்க. மலை மேல இருக்கிற முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

துரை டாக்டரம்மாவைப் பார்த்தார். யாரையும் இழுக்காதீர்கள் என்று வருஷக்கணக்காகச் சொன்ன டாக்டரம்மா, அன்று தடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ ஆண்டவரே, ஊற்றச் சொல்லும் என்று மனசுக்குள் ஜெபமே செய்துகொண்டிருந்தேன். உபதேசியார் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த ஆள் எதிரே நிற்கிறார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மருதமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வேணாம் மருதமுத்து. ஆஸ்பத்திரிக்காக ஊத்திக்கிட்டா அது ஞானஸ்நானம் இல்ல, வெறும் குளியல்."

துரை என் பக்கம் திரும்பி, தம்முடைய புத்தகத் தமிழில் சொன்னார்:

"இப்படி ஓர் உபதேசியார் இருக்கும் இடத்தை மூட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மருந்துப் பெட்டிகளையும் இங்கேயே அனுப்புகிறேன், கம்பவுண்டர்."

ஊரையே கிறிஸ்தவராக்கப் பாடுபட்ட எங்கள் உபதேசியார், தானாக வந்த ஒரே ஆளைத் திருப்பி அனுப்பித்தான் ஆஸ்பத்திரியையும் என் பிழைப்பையும் காப்பாற்றிக் கொடுத்தார்.