தூங்கிய கார்டைத் தட்டி எழுப்பிய மூன்று நாள்

லேப்டாப் சர்வீஸில் இருபது வருஷம் ஓட்டிய பிறகு, ஒரு கிராபிக்ஸ் கார்டை அணைக்கத் தெரியாமல் மூன்று நாள் திருதிருவென்று முழித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. லேப்டாப்பைக் கொண்டுவந்தவர் கௌரி. சந்தாபுரா பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காது டெஸ்ட் எடுப்பவர். ஹெட்ஃபோனில் மெல்லிய பீப் சத்தம் வரும், கேட்டால் பிள்ளை கை தூக்க வேண்டும். யாரோ தானமாகக் கொடுத்த கேமிங் லேப்டாப் அது, லினக்ஸ் போட்டது.

“ஃபேன் ஹோன்னு கத்துது சார். சின்ன பீப் பசங்களுக்கு எப்படிக் கேக்கும்? பதினோரு பேருக்குக் காது மந்தம்னு எழுதிக் குடுத்தேன். நம்ப முடியாதுன்னு டாக்டர் லிஸ்ட்ட திருப்பி அனுப்பிட்டாரு. திங்கக்கிழமை மறுபடி டெஸ்ட். அதுவும் தப்பாப் போனா கேம்ப்பே கேன்சல்.”

இந்த மாதிரி லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு. பிராசசருக்குள் இருப்பது சாதாரண வேலைக்கு, தனி கார்டு கேமுக்கு. பீப் சத்தத்துக்குத் தனி கார்டு எதற்கு? ஆனால் அது வெட்டியாக ஓடிச் சூடாகி, ஃபேனையும் சுற்ற வைத்தது. வேலை இல்லாதபோது கார்டு தானாக பவர் ஆஃப் ஆக, அதை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவரில் ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். டெர்மினலில், கார்டின் நிலையைக் காட்டும் கமாண்டை அடித்தேன். ஓடுகிறது என்றது.

டிரைவரை வேறு வெர்ஷனுக்கு மாற்றினேன். ஓடுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மாற்றினேன். ஓடுகிறது. லினக்ஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், செட்டிங்கையும் மறக்காமல் போட்டேன். அப்போதும் அதே பதில். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“இன்னாப்பா, ஒரு கார்ட அணைக்க மூணு நாளா? ஸ்க்ரூ கழட்டி வெளிய எடுத்துப் போடு” என்றார் ஓனர் ரஹீம் பாய். அது போர்டோடு சாலிடர் ஆனது என்று அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை, ஆகாது என்று திருப்பிக் கொடுக்கத்தான் கௌரியை வரச் சொன்னேன். அவர் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வேறொருவர் உடைந்த ஸ்க்ரீனோடு வந்துவிட்டார். அவரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது கௌரி கூப்பிட்டார்.

“சார், ஃபேன் நின்னுடுச்சு!”

ஓடிவந்து கமாண்டை அடித்தேன். “இல்ல மேடம், கார்டு ஆன்லதான் இருக்கு.”

“இப்பத்தான் சார் மறுபடி சுத்துது.”

பஸ் ஹாரனுக்கு நடுவில் என் காதில் ஒன்றும் விழவில்லை. அவர் கீபோர்டின் மேல் காதை வைத்திருந்தார். “கைய எடுங்க. ஸ்வல்ப நேரம் எதுவும் தொடாதீங்க.”

தொடாமல் நின்றேன். நின்றுவிட்டது என்று கையைக் காட்டினார். கமாண்டை அடித்தேன். சுற்றுகிறது என்று விரலைச் சுழற்றினார். மூன்று தடவை இப்படியே.

“நீங்க அந்த வரிய அடிக்கறீங்கல்ல சார், அதுலதான் முழிச்சுக்குது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த கமாண்ட் கார்டிடமே கேட்கிறது. அணைந்த கார்டு பதில் சொல்லாது, அதனால் டிரைவர் அதை எழுப்பிக் கேட்டுவிட்டு, ஓடுகிறது என்கிறது. கார்டின் நிலையை கர்னல் தனியாக ஒரு ஃபைலில் குறித்து வைத்திருக்கும், அதைப் படித்தால் கார்டு எழாது. படித்தேன். உறக்கத்தில் இருந்தது. ஆக, முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே சரியாகிவிட்டதை நான்தான் விடாமல் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் கௌரி போன் செய்தார். “ஒம்பது பசங்களுக்கு நல்லாவே கேக்குது சார்.”

“அப்பாடா!” என்றேன்.

“ரெண்டு பேருக்கு நெஜமாவே கேக்கல. இந்தத் தடவ டாக்டர் நம்பிட்டாரு. நாளைக்கே கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

அந்த இரண்டு பேரை நான் யோசிக்கவே இல்லை. ஸ்க்ரீனில் வந்ததை மட்டும் நம்பி, ஆகாது என்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தால், கேம்ப் கேன்சலாகி, அந்தப் பிள்ளைகளின் பெயரும் மற்ற ஒன்பதோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.